ஏழைகளின் கையில் நேரடியாகப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறு அறக்கட்டளைக்காக நன்கொடை கேட்டுப் போகும் இடங்களிலும், உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்க உட்காரும் இடங்களிலும், வறுமையில் இருப்பவர்களுக்குப் பணமாகவே உதவுவது பற்றிய அதே சந்தேகங்களை நான் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆகவே அவர்களுடைய பேச்சிலேயே கேள்விகளை வைத்து, பல நாடுகளில் நடந்த ஆய்வுகளையும் நம் ஊர் நடைமுறையையும் கொண்டு பதில்களைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

1. நேரடியாகப் பணம் கொடுக்கிறதுன்னா என்ன? இது புதுசா வந்த ஒண்ணா?

அரிசி, தையல் இயந்திரம், ஆடு, பயிற்சி வகுப்பு என்று கொடுப்பவர் தேர்ந்தெடுத்த ஒன்றைத் தராமல், அதற்கு ஆகும் தொகையைப் பெறுபவரின் கையிலோ கணக்கிலோ சேர்ப்பதுதான் இது. அதை எதற்குச் செலவிடுவது என்பதைப் பெறுபவரே முடிவு செய்கிறார்.

நமக்கு இது புதிதன்று. 1962இல் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று தொடங்கிய ஓய்வூதியம் இதே வகைதான். கருவுற்ற பெண்களுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி 1987 முதல் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, தொடக்கத்திலேயே ஏறத்தாழ 1.06 கோடி பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயைக் கொண்டு சேர்த்தது. மெக்சிகோ 1997இலும் பிரேசில் 2003இலும் இத்தகைய பெருந்திட்டங்களைத் தொடங்கின.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த புதுமை, தனியார் நன்கொடையையும் இப்படியே கொடுக்கலாம் என்ற துணிவுதான். ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த சிலர் தொடங்கிய கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு, கென்யாவின் மேற்குப் பகுதிக் கிராமங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பத் தொடங்கியது. 2007இல் அங்கு வந்த எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவைதான் அதைச் சாத்தியமாக்கியது. குறுஞ்செய்தி வந்ததும் பக்கத்துக் கடைத்தெருவில் இருக்கும் முகவரிடம் போய்ப் பணமாக மாற்றிக்கொள்ளலாம்.

2. கையில காசைக் கொடுத்தா டாஸ்மாக்ல போய்த்தானே நிக்கும்?

எல்லா இடங்களிலும் முதலில் வரும் கேள்வி இதுதான் என்பதால், ஆய்வாளர்களும் இதை முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய பகுதிகளில் நடந்த 19 ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் தொகுத்துப் பார்த்தபோது, உதவித்தொகை வந்த பிறகு மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு குறிப்பிடும்படி கூடவில்லை. பல இடங்களில் அது சற்றுக் குறைந்திருந்தது. கென்யாவின் ராரியேடா பகுதியில் கிவ்டைரக்ட்லி பணம் கொடுத்த குடும்பங்களிடையே நடந்த, 2016இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது.

தமிழ்நாட்டில் மது ஒரு பெருந்துயரம் என்பதை நான் மறுக்கவில்லை. டாஸ்மாக் வழியாக அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆனால் அந்தப் பணம் உதவித்தொகை வருவதற்கு முன்பே அன்றாடக் கூலியிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் போய்க்கொண்டிருந்த பணம். குடிக்கிறவருக்குச் சிகிச்சையும், கடைகளைக் குறைக்கும் கொள்கையும் தேவை. அவருடைய மனைவிக்கு வரும் ஆயிரம் ரூபாயை நிறுத்துவதால் அந்த வீட்டில் ஒரு கோப்பை மது குறையப்போவதில்லை.

3. அப்போ அந்தப் பணம் எங்கதான் போகுது?

ராரியேடாவில் முதலில் போனது கூரைக்கு. அங்கே ஏழை வீடுகளுக்குப் புல்கூரைதான் இருந்தது. தொடக்கத்தில் கிவ்டைரக்ட்லி யார் ஏழை என்பதையே கூரையைப் பார்த்துத்தான் தீர்மானித்தது. புல்கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும், மழையில் ஒழுகும், ஓட்டை விழுந்தால் தானியமும் நனையும். பணம் கிடைத்த குடும்பங்கள் தகரம் வாங்கிப் போட்டன, மாடு வாங்கின, நிறைவாகச் சாப்பிட்டன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தகரக் கூரை ஆடம்பரமாகத் தெரியலாம். தென்னங்கீற்று வீட்டில் வளர்ந்து, ஆண்டுதோறும் கீற்றுக்கும் கட்டுக்கூலிக்கும் பணம் புரட்டிய குடும்பத்தாருக்கு அது எவ்வளவு பெரிய சேமிப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் கூரை மாற்ற முடியாது. மனு எழுத வரும் பெண்கள் சொல்லும் செலவுகள் சிறியவை: சர்க்கரை மாத்திரை, எரிவாயு உருளையில் குறையும் பணம், பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், குழுக் கடனின் வாரத் தவணை. சிலர் அதை அப்படியே சீட்டில் போட்டுச் சேர்க்கிறார்கள். ஒரு பெண் தன் வங்கிப் புத்தகத்தில் அந்த வரவுகளுக்குப் பக்கத்தில் மட்டும் பேனாவால் சிறு புள்ளி வைத்திருந்தார். அந்த வரிகள் மட்டும்தான் யாரிடமும் கேட்காமல் தான் செலவழித்த பணம் என்றார்.

4. உக்காந்த இடத்துல காசு வந்தா யார் வேலைக்குப் போவா? இப்பவே நாத்து நட ஆள் கிடைக்கல.

அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நால்வர், ஆறு வளரும் நாடுகளில் அரசுகள் நடத்திய ஏழு திட்டங்களின் தரவுகளை ஒன்றாக ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். பணம் பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒழுங்கான சான்று எதுவும் அதில் கிடைக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2011 முதல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் நிதியுடன் நடத்திய சோதனையில், எட்டுக் கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் கொடுத்து, பின்னர் அதை 300, 150 என்று உயர்த்தினார்கள். அங்கே மக்கள் சொந்த நிலத்தில் உழைப்பதும் கால்நடை வளர்ப்பதும் கூடின.

அமெரிக்காவில் மாதம் 1,000 டாலர் வீதம் மூன்றாண்டுகள் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் மட்டும், பெற்றவர்களின் வேலை நேரம் வாரத்துக்குச் சுமார் 1.3 மணி நேரம் குறைந்தது. அங்கே அந்தத் தொகையைக் கொண்டு கொஞ்சம் ஓய்வு வாங்க முடிகிறது. ஏழை நாடுகளில் அதே பணம் விதைக்கும் கன்றுக்குட்டிக்கும் சிறுகடைக்குமான முதலாகிறது.

நாற்று நட ஆள் கிடைக்கவில்லை என்ற விவசாயியின் வருத்தம் உண்மையானது. ஆனால் மாதம் ஆயிரம் ரூபாயை நம்பி ஒரு குடும்பம் மாதம் முழுவதும் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது என்பது கணக்குப் போட்டாலே தெரியும். கையில் கொஞ்சம் பணம் இருப்பதால், முன்பு வேறு வழியின்றி ஒப்புக்கொண்ட குறைந்த கூலிக்கு ஒருவர் இப்போது வர மறுக்கலாம். அதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன்.

5. மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கத்துக்கொடுன்னு சொல்லுவாங்களே?

பயிற்சி நல்லதுதான். ஆனால் பயிற்சிக்கும் பணம் செலவாகிறது. பயிற்சியாளரின் சம்பளம், வண்டி, மண்டப வாடகை, சான்றிதழ் எல்லாம் ஏழையின் பெயரில் எழுதப்படும் செலவுகள். எனவே அதே தொகையை நேராகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட வேண்டும். ருவாண்டாவில் அமெரிக்க அரசின் உதவியுடன் நடந்த ஓர் இளைஞர் வேலைவாய்ப்புப் பயிற்சியை, அதே செலவிலான பணத்தோடு ஒப்பிட்டார்கள். தொழில் அறிவில் பயிற்சி பெற்றவர்கள் முந்தினார்கள். வருமானத்திலும் நுகர்விலும் சொத்திலும் பணம் பெற்றவர்கள் முந்தினார்கள்.

அதே ருவாண்டாவில் இன்னொரு ஒப்பீடும் நடந்தது. ஒரு சத்துணவுத் திட்டத்துக்கு ஒரு வீட்டுக்கு ஆன செலவைச் சிறு தொகையாகக் கொடுத்தபோது, குழந்தைகளின் வளர்ச்சியில் இரண்டுமே பெரிய மாற்றத்தைக் காட்டவில்லை. 500 டாலருக்கு மேல் கொடுத்த வீடுகளில்தான் மாற்றம் தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொகையின் அளவைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

6. ரேஷன் அரிசியை நிறுத்திட்டு அந்தக் காசைக் கணக்குல போட்டா என்ன?

இதற்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் மத்திய அரசின் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை தொடங்கப்பட்டது. தொடக்க மாதங்களில் பலருக்குப் பணம் வந்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. எந்தக் கணக்கில் விழுந்தது என்று விசாரிக்க வங்கிக்கு நடந்தார்கள். நாளடைவில் வரவு சீரானது. ஆனாலும் அரிசியே வேண்டும் என்ற கோரிக்கை ஓயவில்லை. மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024இல் மீண்டும் திறக்கப்பட்டன.

காரணம் எளியது. வெளிச் சந்தையில் அரிசி விலை ஏறினாலும் ரேஷன் கடையில் 20 கிலோ 20 கிலோவாகவே இருக்கும். பணம் அப்படியன்று, அரசு அவ்வப்போது உயர்த்தினால்தான் அதன் மதிப்பு நிற்கும். 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களின் முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு நெடுங்காலமாக மாதம் 200 ரூபாயாகவே இருக்கிறது. பணம் கொடுப்பதை ஆதரிப்பவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்: ரேஷனுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கும் மேலாகக் கொடுப்பதே உதவி, அவற்றை எடுத்துவிட்டுக் கொடுப்பது செலவுக் குறைப்பு.

7. மாசாமாசம் கொஞ்சமா குடுக்கிறது நல்லதா, ஒரே தடவையில மொத்தமாவா?

இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. ராரியேடாவில் மாதத் தவணையாகப் பெற்றவர்கள் சாப்பாட்டில் நிம்மதி அடைந்தார்கள். மொத்தமாகப் பெற்றவர்கள் கூரை போன்ற நீடிக்கும் பொருள்களில் போட்டார்கள். கென்யாவில் இப்போதும் தொடரும் அடிப்படை வருமான ஆய்வில், சில கிராமங்களுக்கு மாதம் ஏறக்குறைய 22.50 டாலர் வீதம் 12 ஆண்டுகளுக்கும், சிலவற்றுக்கு 2 ஆண்டுகளுக்கும், சிலவற்றுக்கு அந்த 2 ஆண்டுத் தொகை மொத்தமாகவும் வழங்கப்பட்டது. 2023இல் வந்த முடிவுகளில், மொத்தமாகப் பெற்றவர்களும் 12 ஆண்டு உறுதி பெற்றவர்களும் தொழில் தொடங்குவதில் முன்னே நின்றார்கள்; 2 ஆண்டு மாதத் தவணை பெற்றவர்கள் பின்தங்கினார்கள். நீண்ட கால உறுதி இருந்தவர்கள் தமக்குள் சீட்டுப் போட்டு, வந்த மாதப் பணத்தையே மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டார்கள் என்பது நம் ஊர்ப் பெண்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

8. எல்லாருக்கும் காசு குடுத்தா விலைவாசி ஏறாதா?

கென்யாவின் சியாயா மாவட்டத்தில் இதை நேராக அளந்தார்கள். 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, 10,500க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வீட்டுக்குச் சுமார் 1,000 டாலர் வீதம் கொடுத்தார்கள். அந்தப் பகுதியின் ஆண்டுப் பொருளாதாரத்தில் 15 சதவீதத்துக்கும் மேலான பணம் திடீரென்று உள்ளே வந்தும், விலைகள் சராசரியாக 0.1 சதவீதம்தான் ஏறின. மாவு மில்லும் கடையும் தச்சுப்பட்டறையும் அதற்கு முன்பு பாதி நாள் சும்மா கிடந்தவை. கூடுதல் ஆள் வைக்காமலே கூடுதல் வேலையைச் செய்ய அவற்றால் முடிந்தது. கொடுத்த ஒவ்வொரு டாலரும் உள்ளூரில் ஏறக்குறைய இரண்டரை டாலர் அளவுக்கு வரவு செலவை உண்டாக்கியது. பணம் பெறாத வீடுகளின் நுகர்வும் உயர்ந்தது.

இதை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. பிலிப்பைன்ஸில் சாலை வசதி குறைந்த, பெரும்பாலான வீடுகளுக்கும் பணம் போன கிராமங்களில் முட்டை போன்ற எளிதில் கெடும் உணவின் விலை ஏறியது. பணம் பெறாத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி அதனால் பாதிக்கப்பட்டது. பேருந்து போகாத மலைக்கிராமத்தில் பணம் கொடுப்பவர்கள் அங்கே பொருள் போய்ச் சேரும் வழியையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

9. சும்மா கொடுக்காம, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினாத்தான் பணம்னு நிபந்தனை போடலாம் இல்லையா?

போடலாம், மெக்சிகோவும் பிரேசிலும் அப்படித்தான் செய்தன. நம் மகப்பேறு நிதியுதவியும் கர்ப்பப் பதிவு, பிரசவம், தடுப்பூசி என்று தவணை தவணையாகத்தான் வருகிறது. பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும் ஊரில் இது நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் மலாவியின் சோம்பா மாவட்டத்தில் வளரிளம் பெண்களிடையே நடந்த ஆய்வு ஒரு முக்கியமான எச்சரிக்கையைத் தருகிறது. பள்ளிக்குப் போனால்தான் பணம் என்று சொல்லப்பட்ட பெண்களில் படிப்பை விட்டவர்கள் குறைவு. அந்த வகையில் நிபந்தனை வென்றது. நிபந்தனையின்றிப் பெற்றவர்களிடையே இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் வெகுவாகக் குறைந்தன, குறிப்பாகப் படிப்பை விட்டுவிட்ட பெண்களிடையே. படிப்பு நின்றதும் பணமும் நின்றுபோகும் ஏற்பாட்டில், உதவி மிகவும் தேவைப்படும் பெண்ணே முதலில் கைவிடப்படுகிறாள்.

10. எங்க தெருவுல மாடி வீட்டுக்காரங்களுக்கு வருது, எனக்கு வரலையே?

என்னைப் பொறுத்தவரை, கேட்கப்படும் எல்லாக் கேள்விகளிலும் கனமானது இதுதான். யார் உண்மையான ஏழை என்று பிரிக்கப்போகும் எந்த அளவுகோலும் இரு பக்கமும் பிழை செய்யும். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும், கார் இருக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் வைக்கப்பட்டன. ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் மின்கணக்கு ஏழையைப் பணக்காரராகக் காட்டலாம். வாடகைக்கு ஓட்டுவதற்காகக் கடனில் வாங்கிய பழைய வண்டியும் ஆவணத்தில் நான்கு சக்கர வாகனம்தான்.

இலங்கையில் சமுர்த்தி என்ற பழைய உதவித் திட்டத்துக்குப் பதிலாக 2023இல் வந்த அஸ்வெசும திட்டத்திலும் இதே நிலைமைதான். மக்களை நான்கு வகையாகப் பிரித்து மாதம் 2,500 முதல் 15,000 இலங்கை ரூபாய் வரை என்று அறிவித்ததும், பட்டியலில் விடுபட்டவர்களின் மேன்முறையீடுகள் குவிந்தன.

விடுபட்டவர் செய்ய வேண்டியது, நிராகரிப்புக் குறுஞ்செய்தியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, என்ன காரணம் சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்டறிந்து, உரிய காலத்துக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்வது. அரசு செய்ய வேண்டியது, தகுதியற்ற பத்துப் பேர் உள்ளே வந்துவிடுவார்களோ என்று அஞ்சுவதைவிட, தகுதியுள்ள ஒருவர் வெளியே நிற்பதற்கு அதிகம் அஞ்சுவது.

11. பொம்பளைங்க பேர்ல போட்டா வீட்டுக்காரர் பிடுங்கிக்க மாட்டாரா?

சில வீடுகளில் அதுவும் நடக்கிறது. ஏ.டி.எம். அட்டை கணவரிடமோ மகனிடமோ இருந்தால், கணக்கு யார் பெயரில் இருந்தால் என்ன? கைரேகை வைத்துப் பணம் எடுத்துத் தரும் வங்கி முகவரிடம் நேரில் போக வேண்டியிருப்பது சில பெண்களுக்கு ஒரு பாதுகாப்பாகவே அமைந்துவிடுகிறது, ஏனெனில் அவர்களுடைய கைரேகை இல்லாமல் அந்தப் பணத்தை யாரும் எடுக்க முடியாது.

யாரிடம் கொடுக்கிறோம் என்பதால் விளைவு மாறுமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. தென்னாப்பிரிக்க முதியோர் ஓய்வூதியத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்ளோ, பாட்டி பெற்ற ஓய்வூதியம் பேத்திகளின் உடல் வளர்ச்சியில் தெரிந்தது, தாத்தா பெற்றது தெரியவில்லை என்று கண்டார். ராரியேடாவில் கணவனுக்குக் கொடுத்த வீட்டுக்கும் மனைவிக்குக் கொடுத்த வீட்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. நான் பெண்ணின் பெயரிலேயே கொடுக்கச் சொல்வேன். மூன்றாம் பதிலில் சொன்ன பேனாப் புள்ளி எனக்குப் போதுமான காரணம்.

12. இலவசமா பணம் வந்தா வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா?

சொன்னார்கள். கென்யாவின் ஹோமா பே பகுதியில் தகுதியுள்ள குடும்பங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் பணத்தை மறுத்துவிட்டன. எதையும் எதிர்பார்க்காமல் அந்நியர் ஏன் பணம் தருகிறார், இது சாத்தானோடு செய்யும் ஒப்பந்தமாக இருக்குமோ என்ற வதந்தி அங்கே பரவியிருந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசாமல் எந்தக் கிராமத்திலும் நுழையக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

13. கணக்குல நேரா போட்டா நடுவுல யாரும் திங்க முடியாது, அப்படித்தானே?

குறையும், முற்றிலும் நிற்காது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் தெற்கு கிவு பகுதியில் கிவ்டைரக்ட்லியின் சொந்த ஊழியர்களே, பயனாளிகளுக்குச் சிம் கார்டு பதிந்து தரும் இடத்தில் புகுந்து, சுமார் 9 லட்சம் டாலரைத் திருடினார்கள். 2023இல் அந்த அமைப்பே இதை வெளியிட்டது. மறைக்காமல் சொன்னதற்காக அதன் மீது எனக்கு மதிப்பு கூடியது.

நம் ஊரில் திருட்டைவிடப் பிடித்தம்தான் பெரிய தொல்லை. உரிமைத் தொகையின் முதல் மாதத்திலேயே சில வங்கிகள், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி வந்த ஆயிரத்தில் கை வைத்தன. மாநில நிதியமைச்சர் கண்டிக்க வேண்டியிருந்தது. ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் போகும் என்பதால், மறந்துபோன பழைய கணக்கில் மாதக்கணக்காகப் பணம் தூங்குவதும் உண்டு. கொரோனா காலத்தில் 2021இல் ரேஷன் கடையிலேயே 2,000 வீதம் இரு முறை ரொக்கமாகக் கொடுத்தபோது இந்தச் சிக்கல் எதுவும் எழவில்லை. பழைய வழி என்பதற்காகவே அதைக் கைவிடக் கூடாது.

14. இதுக்கும் ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?

ஓட்டுக்கான பணம் இரவில் வருகிறது. அதற்கு அரசாணை இல்லை, பட்டியல் இல்லை, கிடைக்காதவருக்கு மேல்முறையீடு இல்லை, அடுத்த மாதம் வராது. சட்டப்படி அது குற்றம். உதவித்தொகைத் திட்டத்துக்கு விதி இருக்கிறது, பேரவையில் நிதி ஒதுக்கீடு இருக்கிறது, ஆட்சி மாறினாலும் கேட்க வழி இருக்கிறது. தேர்தல் அறிக்கையில் இத்தகைய வாக்குறுதி தருவது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் சொன்னது. அதை மறுபரிசீலனை செய்யும் கேள்வி பின்னர் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

கட்சிகள் தேர்தலைக் கணக்கிட்டே அறிவிக்கின்றன என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. அதற்குத் தீர்வு, தொகையையும் உயர்வையும் விலைவாசிக் குறியீட்டோடு சட்டத்தில் கட்டிவைப்பது. அப்போது பெறுபவர் யாருக்கும் நன்றிக்கடன் பட வேண்டியதில்லை.

15. பணம் நின்ன பிறகு பழைய நிலைமைதானே?

பாதி உண்மை. உகாண்டாவில் 2008இல் இளைஞர் குழுக்களுக்குத் தொழில் தொடங்க ஆளுக்கு 400 டாலர் அளவில் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளில் அவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் கூடியிருந்தது. ஒன்பதாம் ஆண்டில் மற்றவர்களும் வருமானத்தில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஏழைத் தாய்மார்களுக்கு மாதம் 333 டாலர் கொடுத்த ஆய்வில், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இவற்றை மறைத்துவிட்டு இதற்காக வாதாட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் எட்டாம் பதிலில் சொன்ன அதே சியாயாவில் 2025இல் வெளியான முடிவைப் பாருங்கள். பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பிரசவத்தை ஒட்டிப் பணம் வந்த வீடுகளிலும், மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு அருகில் இருந்தவர்களிடமும் இந்தப் பலன் அதிகம். தாய்மார்கள் நிறைமாதத்தில் வயல் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள், மருத்துவமனைக்குப் போனார்கள். பணம் நின்றதும் அந்தப் பலனும் குறைந்தது என்பது சரி. அதற்குள் பிழைத்த குழந்தைகள் பிழைத்தவர்கள்தான்.

இங்கே தொகையை மறக்கக் கூடாது. சியாயாவில் கொடுத்தது ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு. மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, சியாயாவின் விளைவு ஏன் வரவில்லை என்று ஏழையைக் குறை சொல்ல முடியாது.

16. நான் தனி ஆளா யாருக்காவது கொடுக்கணும்னா எப்படிக் கொடுக்கிறது?

பத்துப் பேருக்கு ஐந்நூறு கொடுப்பதைவிட, ஒரு குடும்பத்துக்கு ஐயாயிரம் கொடுப்பது அடகில் இருக்கும் தோட்டையோ வாரக் கடனையோ மீட்க உதவும். ஜூனில் பள்ளி திறக்கும் முன்பும், பிரசவ மாதத்திலும், வேலை கிடைக்காத மழைக்காலத்திலும் கொடுங்கள். திருப்பித் தர வேண்டியதில்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதைக் கடனாகவே மனத்தில் சுமப்பார்கள். புகைப்படம் எடுக்காதீர்கள். என்ன செலவு செய்தீர்கள் என்று பிறகு விசாரிக்காதீர்கள்.

அமைப்பு வழியாகக் கொடுப்பதானால் மூன்றைக் கேளுங்கள்: நூறு ரூபாயில் எவ்வளவு பயனாளிக்குப் போகிறது, போய்ச் சேர்ந்ததை யார் தனியாகச் சரிபார்க்கிறார்கள், பணம் வராதவர் புகார் சொல்ல எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். மூன்றாவதற்கு உடனே பதில் சொல்லும் அமைப்பை நான் முதலில் நம்புவேன்.